புழையும் புழைக்கடையும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணாக்கர்க்கு ‘லூப்ஹோல்’ என்னுஞ் சொல் புதியதன்று. செய்தித்தாள்களில் அடிக்கடி வருவது. சட்டசபையிலும் நியாயஸ்தலத்திலும் நாள்தோறும் வழங்குவது. ஒரு சட்டத்தில் ‘லூப்ஹோல்’ உளதென்றால், விதியை மீறாமலே விதிக்குத் தப்புதற்கு அதில் வழி உளதென்பது யாவர்க்கும் விளங்கும். ஆயினும், அச்சொல்லின் முற்பகுதிக்குப் பொருள் யாதெனக் கேட்பின், பெரும்பாலோர் ‘கண்ணி’ என்றாவது ‘சுருக்கு’ என்றாவது விடை பகர்வர். கயிற்றை வளைத்திட்ட கண்ணியின் நடுவே ஒரு துளை இருத்தலானும், அதனூடே நழுவிச் செல்லுதல் கூடுமாதலானும் அப்பெயர் வந்ததென்று ஒரு விளக்கமும் உடன் கூறுவர். கேட்பதற்கு இனிதாயினும் இவ்விளக்கம் பொருந்தாது. கயிற்றுக் கண்ணியைக் குறிக்கும் ‘லூப்’ வேறு, ஈண்டுள்ள ‘லூப்’ வேறு என்பதே அகராதி வல்லார் கொள்கை.

இந்த ‘லூப்’, கோட்டை மதிலில் விடப்பட்ட ஒடுங்கிய திறப்பின் பெயர். 14-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத்திலேயே தனிச்சொல்லாக அது வழங்கிற்று. பதுங்கியிருந்து நோக்குதல் என்னும் பொருளுடைய பழைய டச்சு வினையொன்றினின்று அது தோன்றியிருத்தல் கூடும் என்பர். நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை தம் கையில் வைத்திருந்த அதே டச்சுக்காரர்தம் மொழிதான். நாளடைவில் ‘லூப்’ என்பதன் பொருள் மங்கிவிட்டமையால், 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துளை எனப் பொருள்படும் ‘ஹோல்’ என்பதையும் அதனோடு ஒட்டினர். துளை என்னும் பொருளுடைய சொல்லோடு துளை என்னும் சொல்லையே மீண்டுஞ் சேர்த்தவாறாம் இது. இதனைக் கண்டு நாம் நகைக்க வேண்டுவதில்லை. ‘ஞாண்’ என்றாலே கயிறுதான். நாம் ‘அரைஞாண் கயிறு’ என்கிறோம். ‘கேட்டு வாசல்’ என்று சொல்லாத வீடும் நம் ஊர்களில் அரிது. சொல்லின் பொருள் மறைந்தவிடத்துப் பக்கத்தில் ஒரு விளக்கு ஏற்றி வைப்பது எம்மொழியார்க்கும் இயல்பே.

அத்திறப்பின் அமைப்பைச் சற்றே நோக்குதல் வேண்டும்; பின்னர் நாம் கூறப்புகும் செய்திக்கு அதுவே அடிப்படை. மேனாட்டு அரண்களில் அது வெளிப்புறத்தில் விரலளவோ சாணளவோ அகலமுடைய நெடிய கீற்றாகத் தோன்றும். உட்புறம் வருந்தோறும் அகன்று விரிந்து, வில்லாளன் ஒருவன் நின்று இருமருங்கும் வில்லைத் திருப்புதற்கு இடந்தரும். துப்பாக்கி வந்தபின் கீற்றின் வடிவம் மாறியதேயன்றி இவ்வியல்பு மாறவில்லை. மதிற்புறத்து நிற்பவனுக்கு அது கண்ணிற்படாத ஒரு கோடு; அகத்தே நிற்பவனுக்கோ அது ஓர் அறை. அம்மதில்களைக் காண மேனாடு செல்ல வேண்டுவதில்லை. வேலூர்க் கோட்டை மதிலின் மேல் வரிசையாக நிற்கும் காப்புமுகடுகளிலும், செஞ்சி மலைமேலும் சுடுதுளைகளை இன்றுங் காணலாம்.

இங்ஙனம், முதலில் இச்சொல் தப்பும் வழியைக் குறித்ததன்று; தாக்கும் வழியையே குறித்தது. பகைவன் அதன்வழி வருதலும் அரிது. உள்ளிருப்பவன் அதன்வழிப் போதலும் அரிது. அம்பும் பார்வையுமே அதன்வழிச் செல்வன. இஃது எவ்வாறு 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நழுவிச் செல்லும் வழியைக் குறிக்கலாயிற்று? துளை என்றால் உள்ளிருப்பதொன்று வெளியே போகலாம் என்னும் எண்ணம் மனிதர்க்கு இயல்பாகவே தோன்றுமன்றோ? கோட்டை முற்றுகைகள் குறைந்து வழக்குகள் பெருகிய காலத்தில், வில்லாளன் மறைந்து வழக்காளி அத்துளையருகே வந்து நின்றான் எனலாம். இடையே வேறு சில பொருள்களும் கிளைத்தன. பண்டசாலைகளின் மேல்மாடங்களில் மூட்டைகளை ஏற்றியிறக்குதற்கு விட்ட திறப்புக்கும் இப்பெயரே வழங்கிற்று. கவிஞர் கூப்பர் 1785-ல் வெளியிட்ட ‘தி டாஸ்க்’ என்னும் காவியத்தில், ஒதுங்கி வாழ்வான் தன் ஒதுக்கிடத்திலிருந்து உலகத்தை எட்டிப்பார்க்கும் சிறு திறப்பாக இதனை ஆண்டார். அம்பும் இல்லை, ஓட்டமும் இல்லை. பார்வை மட்டுமே நிற்கிறது. பிறப்பிடத்துப் பொருளுக்கு மிக அணித்தாக நிற்பது அவர் வழக்கே என்பது நம் கருத்து.

பிரெஞ்சுக்காரர் இவ்விரு பொருளையும் ஒரு சொல்லில் அடைத்து இடர்ப்படவில்லை. மதிற்றுளைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘மெர்த்ரியேர்’. நேர்பொருள் ‘கொலைகாரி’ என்பதாம். பெண்பாற் பெயர். அத்துளைக்கு முன் நின்று மடிந்தவன் எவனோ இட்ட பெயர்போலும். சட்டத்தில் நழுவும் வழிக்கு அவர்கள் கூறுவது ‘எஷப்பத்துவார்’. இது தப்புதல் என்னும் வினையினின்று வந்தது. அவ்வினையின் வேர் இன்னுஞ் சுவையுடையது. இலத்தீனில் ‘கப்பா’ என்பது மேலங்கி. அவ்வங்கியை விட்டு வெளியேறுதல் என்பதே தப்புதல் ஆயிற்று. பற்றியவன் கையில் அங்கி, ஓடியவன் உடலில் உயிர். வேதாகமம் பயின்றார்க்கு, போத்திபாரின் மனைவி கையில் தன் வஸ்திரத்தை விட்டோடிய யோசேப்பும், கெத்செமனேயில் துப்பட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போன பெயரறியா வாலிபனும் உடனே நினைவுக்கு வருவர். ஆங்கிலத்தின் ‘எஸ்கேப்’ என்பதும் அவ்வேரினின்று வந்ததே.

நந்தமிழில் என் செய்தனர்? மதிற்றுளைக்குப் பழந்தமிழர் பல பெயர் வைத்திருந்தனர். ‘ஏ’ என்பது அம்பு. அம்பு செல்லுந் துளை ‘ஏப்புழை’. அம்பெய்வோன் மறைந்து நிற்கும் இடம் ‘ஏவறை’. மதிலின் அவ்வுறுப்பு ‘ஞாயில்’. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் பொறிகளை அடுக்கிச் செல்லும் இளங்கோவடிகள் புழையையும் ஞாயிலையும் அவற்றோடு சேர்த்தே கூறுகின்றார். இவற்றுள் ‘புழை’ என்பதே நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது. அதற்குத் துளை என்பது பொதுப்பொருள். துளையுடைய கை உடைமையால் யானையின் துதிக்கை ‘புழைக்கை’ எனப்பட்டது. சிறுவாயில், ஒடுங்கிய வழி, சாளரம் என்னும் பொருள்களும் அதற்கு உள. அம்பு செல்லுந் துளையும் ஆள் செல்லும் ஒடுக்கவழியும் ஆகிய இரண்டிற்கும் ஒரே சொல்! ஆங்கிலச் சொல் சில நூற்றாண்டு நடந்து சென்றடைந்த இடத்தில் தமிழ்ச்சொல் முன்னரே நின்றுகொண்டிருந்தது. வீட்டின் பின்புறத்துச் சிறுவாயிலுக்குப் ‘புழைக்கடை’ என்று பெயர். பேச்சில் ‘புழக்கடை’ என்போம். காவிரிப் படுகையில் ‘கொல்லைப்புறம்’ என்பதே மிகுதி. முன்வாயிலில் நுழைய இயலாதவன் கொல்லைப்புறமாக வந்தான் என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால், அவன் செய்தது குற்றமன்று, ஆயினும் நேர்மையுமன்று என்பது சொல்லாமலே விளங்குகிறதன்றோ? ‘லூப்ஹோல்’ என்பதன் இற்றைப் பொருள் அதுவே.

இக்காலத்தார் ‘சட்டத்தில் ஓட்டை’ என்கின்றனர். வழக்கில் ஊன்றிவிட்டமையால் அதனை விலக்குதல் இயலாது. எனினும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். ஓட்டை என்பது தானே விழுவது. குடத்தில் விழும், கூரையில் விழும். ஏப்புழையோ கொத்தன் அளவிட்டுக் கட்டியது. சட்டங்களில் காணப்படும் வழிகளுள் எத்தனை தாமே விழுந்தவை, எத்தனை கட்டியவன் அறிந்தே விட்டவை என்பது ஆராயத்தக்கது. ‘சந்துபொந்து’ என்பது இன்னும் பொருத்தமானது. ‘சட்டத்தின் சந்துபொந்தெல்லாம் அறிந்தவர்’ என்று ஒரு வக்கீலைப் புகழ்கிறோம். இகழ்வதும் அதே சொற்களால்தான். இனி, ‘தப்பு’ என்னும் நம் சொல்லின் வியப்பையும் பாருங்கள். தப்பினான் என்றால் பிழைத்தான். தப்பு செய்தான் என்றால் குற்றஞ் செய்தான். ‘பிழை’ என்பதும் அவ்வாறே: உயிர் பிழைத்தலும் எழுத்துப் பிழையும் ஒரு சொல்லே. இலக்கைத் தப்பிய அம்பு எய்தவனுக்குப் பிழை, எதிரே நின்றவனுக்குப் பிழைப்பு. ஒரே நிகழ்ச்சியை இருவர் இருபுறம் நின்று காண்பதை நம் முன்னோர் ஒரு சொல்லிலே வைத்தனர்.

விதியின் இடைவெளியில் நுழையும் கதை நம் நாட்டில் ஒவ்வொரு சிற்றூரும் அறிந்ததே. மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், அகத்தும் புறத்தும் சாவில்லை என்று வரம் பெற்ற இரணியன், தன் மதிலில் ஒரு துளையும் இல்லையென்றே எண்ணினான். அந்திப்பொழுதும் வாயிற்படியும் அவன் கணக்கில் வரவில்லை. ‘நீ தடுக்கின்கீழ் நுழைந்தால் நான் கோலத்தின்கீழ் நுழைவேன்’ என்னும் பழமொழியும் இக்கலையில் வல்ல இருவரைப் பற்றியதே. வேதாகமத்தில் எரிகோவின் அலங்கத்தின்மேலிருந்த தன் வீட்டு ஜன்னல் வழியாக ராகாப் வேவுகாரரை இறக்கிவிட்டாள்; தமஸ்குவில் பவுல் அப்போஸ்தலர் கூடையில் வைத்து மதில்வழியே இறக்கப்பட்டார். மதிற்றிறப்பு தப்பும் வழியாவதற்கு இவற்றினுந் தெளிந்த சான்று வேண்டா.

நிற்க. சொல்லாராய்ச்சி இவ்வளவில் அமைக. ஒரு சொல்லின் இரு பொருளும் ஓர் ஊரின் வரலாற்றில் அடுத்தடுத்து நிகழ்ந்ததைக் காண விரும்புவோர் சோழநாட்டுக் கடற்கரையிலுள்ள காரைக்காலை நோக்குக.

வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர், கிழக்கே கடல். ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இச்சிறு நிலம் புதுச்சேரிக்குத் தெற்கே நெடுந்தொலைவில் தனித்து நிற்கிறது. புதுச்சேரிக் கவர்னர் தூமா தஞ்சை மராத்திய மன்னரிடம் காரைக்காலையும் அதன் கோட்டையையும் ஐந்து ஊர்களையும் பேரம் பேசிப் பெற முயன்று, முடிவில் சந்தா சாகிப்பின் படையுதவியால் 1739 பிப்ரவரியில் கைக்கொண்டார். அதன்பின் இந்நிலம் பட்ட பாடு சிறிதன்று. 1758-ல் தஞ்சையை முற்றுகையிட்டுத் தோற்ற லாலி என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவர் காரைக்காலுக்கே பின்வாங்கினார். 1760 ஏப்ரலில் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். உடன்படிக்கையால் திரும்பியது, 1778-ல் மீண்டும் போயிற்று, மீண்டும் திரும்பியது, 1793-ல் மீண்டும் போயிற்று. இறுதியாக 1817-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது அது வேறோர் ஊராக வந்தது. 1814-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின் 12-ஆம் விதி, பிரெஞ்சுக்காரர்க்குத் திருப்பித் தரப்படும் இந்தியப் பகுதிகளில் அவர்கள் அரண் கட்டலாகாதென்றும், காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கலாகாதென்றும் கூறிற்று. ஆகவே காரைக்காலில் மதிலும் இல்லை, மதிற்புழையும் இல்லை.

மதிலற்ற அவ்வூரே, நாற்புறமும் மதிலிட்டாற்போன்ற ஆங்கிலச் சட்டத்தின் நடுவில் ஒரு புழையாயிற்று.

இந்நுட்பத்தை ஆங்கிலேயர் தொடக்கத்திலேயே உணர்ந்தனர். உப்பு அவர்களுடைய ஏகபோகப் பொருள். பிரெஞ்சுக் கரையிலோ வெயிலும் கடல்நீரும் இலவசம். காரைக்காலில் உப்பு விளைந்தால் தஞ்சை ஜில்லாவில் உப்புவரி நிற்குமா? ஆகவே 1815-ல் செய்த ஒப்பந்தப்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் உரிமையைக் கம்பெனியார் ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுத்துப் பெற்றனர். அதுவும் போதாதென 1818-ல் உப்பளங்களையே மூடச்செய்து, உப்பள உரிமையாளர்க்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் தருவதாக உடன்பட்டனர். ஒரு துளையை அடைப்பதற்கு இவ்வளவு விலை. பணம் உடையவன் பணத்தால் அடைத்தான்.

மனிதர் செல்லும் துளையை அடைக்க அத்துணை விரைவு காட்டப்படவில்லை. 1848-ல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிந்தது. ரெயூனியன், குவாதலூப், மர்த்தினீக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியதாயிற்று. ஆங்கில ஆட்சிக்குட்பட்ட குடிகளை அந்நாடுகட்குக் கூலிகளாக ஏற்றிச் செல்ல ஆங்கிலச் சட்டம் அக்காலத்தில் இடங்கொடுக்கவில்லை. ஆனால் தஞ்சை ஜில்லாவில் ஒரு வரப்பைக் கடந்தால் காரைக்கால். மேஸ்திரிகள் எனப்பட்ட ஆள்பிடிகாரர்கள், பஞ்சத்தாலும் கடனாலும் வாடியோரை நயமொழி கூறி அழைத்துச் சென்றனர். வஞ்சித்தும் கொண்டுசென்றனர் என்று ஆங்கில அதிகாரிகள் ஓயாது முறையிட்டனர். முடிவில் 1860, 1861 ஆண்டுகளில் இரு அரசுகளும் ஒப்பந்தஞ் செய்து, கப்பலேறும் துறைகளில் ஆங்கில ஏஜண்டு ஒருவர் இருந்து கூலிகளைக் கண்டு விசாரிக்கவும், ஐந்தாண்டு முடிந்தபின் ஊர் திரும்பச் செலவின்றி இடம் பெறவும் விதி செய்தன. விதி எழுத்தில் இருந்தது. ரெயூனியனில் கூலிகள் நடத்தப்பட்ட முறையைப் பொறாது 1882-ல் ஆங்கில அரசே அத்தீவுக்கு ஆளனுப்புதலை நிறுத்திற்று என்பதினின்று, எழுத்து எவ்வளவு காத்தது என்பதை ஊகிக்கலாம். அத்தீவுகளில் தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்செழுத்தில் சிதைந்து இன்றும் வழங்குகின்றன.

இங்கேதான் நாம் முன்சொன்ன மதிற்புழையின் அமைப்பு நினைவுக்கு வருகிறது. உள்ளே நின்று வழியை அறிந்த மேஸ்திரிக்கும் கப்பற்காரனுக்கும் காரைக்கால் எல்லை ஓர் அகன்ற அறை. வெளியினின்று வந்த உழவனுக்கு அது தன் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. அக்கோட்டைக் கடந்தது அவனுக்குத் தெரியுமுன்னரே அவன் கடலில் இருந்தான். தப்பும் வழி என்று நாம் எளிதாகக் கூறுவது, ஒருவன் தப்புதற்கு மற்றொருவன் விழும் குழியாகவும் ஆகும்.

இதற்கு மாறான நிகழ்ச்சிகளும் உண்டு. அவை யாவரும் அறிந்தனவாகலின் விரிக்கவில்லை. 1908-ல் சுப்பிரமணிய பாரதியார் சென்னையினின்று பிரெஞ்சுப் புதுச்சேரிக்குச் சென்றதும், ‘இந்தியா’ பத்திரிகை அங்கிருந்து சிலகாலம் வெளிவந்ததும், 1910-ல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் அங்கு வந்து சேர்ந்ததும் இவ்வெல்லை இருந்தமையால் ஆயின. பாரதியார் பத்தாண்டு கழித்து 1918 நவம்பரில் எல்லையைக் கடந்தபோது கடலூரையடுத்துக் கைதானார். கோட்டின் இப்புறம் குற்றவாளி, அப்புறம் கவிஞர்.

இவை எல்லாவற்றினும் நம் உள்ளத்தை மிகவும் தைப்பது 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அம்மாதத்தின் முதல் நாளில் சாரதா சட்டம் என்று பெயர்பெற்ற குழந்தைமணத் தடைச்சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வயதெல்லை விதித்த சட்டம் அது. 1929 இலையுதிர் காலத்திலேயே நிறைவேறியும், நடைமுறைக்கு வர ஏறத்தாழ ஆறு மாதம் தவணை விட்டனர். அத்தவணையே முதற்புழை. அந்த ஆறு மாதத்தில் நாடெங்கும் அவசர அவசரமாக நடந்த மணங்களைக் கணக்கிட இயலாது. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 15 வயதுக்குட்பட்ட மனைவியர் தொகை முந்திய கணக்கினும் மிகுந்து காணப்பட்டது. இரண்டாம் புழை: வயதெல்லைக்குட்பட்டு மணஞ் செய்வித்தவரைத் தண்டிக்கலாமேயன்றி மணம் செல்லாதென்று அச்சட்டம் கூறவில்லை. அபராதத்தைக் கட்டிவிட்டால் காரியம் முடிந்தது. மூன்றாவது: எவரேனும் முறையிட்டாலன்றி வழக்கில்லை, முறையிடுவோரிடம் 100 ரூபாய் வரை ஜாமீன் எழுதி வாங்கவும் இடமிருந்தது. எட்டு வயதுப் பெண் முறையிடுவாளோ? நான்காவது எல்லைக்கோடு. சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கே உரியது. பிரெஞ்சிந்தியாவிலோ, 1819 ஜனவரி 6-ஆம் நாள் ஆணைப்படி, இந்தியர்தம் மணம் முதலியவற்றில் அவரவர் சாதி வழக்கமும் மாமூலுமே சட்டம். ஆகவே சுதேச சமஸ்தானங்களுக்கும் பிரெஞ்சுப் பகுதிகளுக்கும் கலியாணக் கோஷ்டிகள் புறப்பட்டன. மேளமும் உண்டு, புரோகிதரும் உண்டு, சீர்வரிசையும் உண்டு. இரவல் வாங்க வேண்டியிருந்தது நிலம் ஒன்றுதான். தாலியுடன் திரும்பிவரும் சிறுமி எத்தனை சட்டங்களைக் கடந்து வந்தாள் என்பது அவளுக்குத் தெரியாது.

அதே ஏப்ரலில், அதே தஞ்சை ஜில்லாவில், மற்றொரு சட்டத்தை எதிர்த்து மற்றொரு கூட்டம் நடந்து வந்தது. ஏப்ரல் 13-ஆம் நாள் ராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியினின்று புறப்பட்ட உப்புத் தொண்டர்கள் தஞ்சை, கும்பகோணம் வழியாக வேதாரண்யத்தை 28-ஆம் நாள் அடைந்தனர். 30-ஆம் நாள் உப்பெடுத்த ராஜாஜி கைது செய்யப்பட்டார். உப்புச் சட்டத்தில் நுழைந்து நழுவ இடமுண்டா என்று அவர்கள் தேடவில்லை. போகும் வழியையும் நாளையும் முன்னரே அறிவித்து, முன்வாயில் வழியே சென்று, தண்டனையையும் ஏற்றுக்கொண்டனர். ஒரே மாதத்தில் ஒரே மண்ணில், ஒரு சட்டத்தை வெளிப்படையாக மீறினோர் சிறை சென்றனர். மற்றொரு சட்டத்தை மீறாமலே ஏய்த்தோர் விருந்துண்டு வீடு சேர்ந்தனர்.

எனினும் நேர்வழிக்காரர் பக்கத்திலும் ஒரு புழை உண்டு. அதனைக் கூறாது விடுதல் நடுநிலையாகாது. தஞ்சை ஜில்லாக் கலெக்டராயிருந்த தார்ன் துரை, தொண்டர்க்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் சிறைப்படுவர் என்று பறைசாற்றினார். அளிப்பது குற்றம் என்றால் அளிக்காமலே உண்பிக்கலாமே! சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. கட்டியவர் யாரென்று மரத்தைக் கேட்க முடியாது. ஊர்ப்பெண்டிரும் உழவரும் கண்டுபிடித்த அப்புழையைப் பிற்காலத்தார் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கின்றனர். சாரதா சட்டத்துக்குத் தப்பிச்சென்ற கலியாணங்களைச் சொல்லி மகிழ்வார் எவருமிலர்.

எல்லை கடந்த மணங்களுக்கு 1938-ல் அடைப்பு விழுந்தது. அவ்வாண்டின் திருத்தச் சட்டம், இந்தியாவில் வாழ்விடமுடைய பிரிட்டிஷ் பிரஜைகள் எங்குச் சென்று மணஞ் செய்வித்தாலும் சாரதா சட்டம் அவர்களைப் பற்றும் என்றது. காரைக்காலைச் சுற்றி மதில் எழுப்பவில்லை; நிலத்தோடு நின்ற சட்டத்தை ஆளோடு நடக்கச் செய்தனர். எளிய உபாயமே. எட்டாண்டு கழித்துத் தோன்றியதுதான் குறை.

சரக்குப் போக்குவரத்துக்கு 1941-ல் இரு அரசுகளுக்குமிடையே சுங்க உடன்பாடு ஏற்பட்டு, 1949-ல் முடிவுற்றது. சுங்கச் சாவடிகளின் கெடுபிடி மிகுந்தது. காரைக்காலார் வெளியூர் செல்வதும் வெளியூரார் காரைக்காலுக்கு வருவதும் தொல்லையாயின. 1954 அக்டோபரில் கீழூரில் மக்கட் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தபின், நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28-ல் கையொப்பமான உடன்படிக்கை, பிரெஞ்சு நாட்டு ஒப்புதல் பெற்று 1962 ஆகஸ்டு 16-ல் நடைமுறைக்கு வந்தது. அவ்வுடன்படிக்கையிலும் ஒரு சிறு வாயில் அறிந்தே வைக்கப்பட்டிருந்தது. இப்பகுதிகளில் பிறந்து வாழ்ந்த பிரெஞ்சுக் குடிகள் இந்தியக் குடிகளாவர். ஆயினும், பிரெஞ்சுக் குடிமையை விடாதிருக்க விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்பது அது. அவ்வாயில் ஆறு மாதம் திறந்திருந்து அடைபட்டது. அதன்வழிச் சென்றோர் சிலரே. அவர்தம் மக்களும் பேரப்பிள்ளைகளும் பாரிஸ் நகரத்தில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில், காரைக்காலிலேயே வாக்களிக்கின்றனர்.